மூன்று பிரிவுகளுக்கு ஒரே வினாத்தாள்: சமூக அறிவியல் தேர்வொன்றைத் திருத்தி அமைத்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒன்பதாம் வகுப்பில் மூன்று பிரிவுகளும், பிரிவுக்கு ஒருவராக மூன்று சமூக அறிவியல் ஆசிரியர்களும் இருந்த ஒரு பள்ளியில் இது நடந்தது. அப்போது நான் அப்பாடத்தின் பொறுப்பாசிரியராக இருந்தேன். ஒன்பதாம் வகுப்பு எதற்கும் நான் பாடம் எடுக்கவில்லை. வரலாறு, புவியியல், குடிமையியல் மூன்றும் அடங்கிய 80 மதிப்பெண் வினாத்தாளை, பருவத்துக்கு ஒருவர் என்ற முறை வைத்து ஆசிரியர்கள் தயாரித்துவந்தார்கள். தயாரித்தவரே விடைக்குறிப்பையும் தேர்வு முடிந்த பிறகு எழுதித் தருவார். அதை வைத்து அவரவர் பிரிவின் விடைத்தாள்களை அவரவர் திருத்துவார்கள். அச்சுக்குப் போகுமுன் நான் தாளைப் பார்ப்பதுண்டு. ஆனால் எழுத்துப் பிழையையும் மதிப்பெண் கூட்டுத்தொகையையும் மட்டுமே பார்த்தேன் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

முதல் பருவத் தாளை அ பிரிவின் ஆசிரியர் தயாரித்தார். அனுபவமும் உழைப்பும் மிக்கவர். முடிவு வந்தபோது அ பிரிவின் சராசரி மற்ற இரண்டையும்விட ஏறத்தாழ பத்து மதிப்பெண் கூடுதலாக இருந்தது. அந்தப் பிரிவில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் அதிகம் என்றுதான் ஆசிரியர் அறையில் முதலில் பேசிக்கொண்டோம். மொழிப்பாடத்திலும் கணக்கிலும் மூன்று பிரிவுகளும் ஏறக்குறைய சமமாக நின்றதைப் பார்த்த பிறகு, அந்த விளக்கத்தோடு என்னால் நிற்க முடியவில்லை.

அதே வாரத்தில் ஆ பிரிவு மாணவி ஒருத்தி தன் விடைத்தாளுடன் வந்தாள். ‘வாக்களிப்பதைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டுமா? உன் கருத்தைக் கூறு’ என்பது ஐந்து மதிப்பெண் வினா. கட்டாயமாக்கக் கூடாது என்று அவள் எழுதியிருந்தாள். யாருக்கும் வாக்களிக்காமல் இருப்பதும் ஒரு வகையில் கருத்தைத் தெரிவிப்பதுதான். அபராதம் விதித்தால் அது ஏழைகளையே அதிகம் வருத்தும். கட்டாயத்துக்காகப் போடும் வாக்கு சிந்தித்துப் போட்ட வாக்காக இருக்காது. இப்படி மூன்று காரணங்களை, ஒன்றோடொன்று கலக்காமல் அடுக்கியிருந்தாள். கிடைத்தது ஒரு மதிப்பெண். விடைக்குறிப்பில் ஐந்து வரிகள் இருந்தன. ஐந்துமே கட்டாய வாக்களிப்பை ஆதரிப்பவை. அவளுடைய ஆசிரியர் குறிப்பின்படியே திருத்தியிருந்தார். “டீச்சர், என் கருத்தைத்தானே கேட்டார்கள்?” என்று மட்டும் கேட்டுவிட்டு நின்றாள். அவளிடம் சொல்வதற்கு என்னிடம் நேர்மையான பதில் எதுவும் இல்லை.

விடைத்தாள்களில் கண்டவை

தலைமையாசிரியரின் அனுமதியோடு 118 விடைத்தாள்களையும் திரும்ப வாங்கி, மூன்று ஆசிரியர்களும் நானும் மாலை வேளைகளில் உட்கார்ந்து வினா வாரியாகப் பார்த்தோம். மொத்த மதிப்பெண் வரிசையில் மேலே உள்ள 27 விழுக்காட்டினரையும் கீழே உள்ள 27 விழுக்காட்டினரையும் எடுத்து, ஒவ்வொரு வினாவையும் இந்த இரு குழுவினரில் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்று ஒப்பிடுவது தேர்வியலில் நெடுநாளாகக் கையாளப்படும் முறை. எங்களுக்குக் குழுவுக்கு 32 பேர் வந்தார்கள். மேல்குழுவின் எண்ணிக்கையிலிருந்து கீழ்குழுவின் எண்ணிக்கையைக் கழித்து 32ஆல் வகுத்தால் அந்த வினாவின் பாகுபடுத்தும் திறன் கிடைக்கும். நன்றாகப் படித்தவர்களையும் படிக்காதவர்களையும் ஒரு வினா சரியாகப் பிரித்துக் காட்டினால் அந்த எண் நேர்மமாக இருக்கும். தாளும் பேனாவும் போதும், கணினி வேண்டியதில்லை.

ஒரு மதிப்பெண் வினா ஒன்றில் அந்த எண் எதிர்மமாக வந்தது. ‘ஐக்கிய நாடுகள் சபை தோற்றுவிக்கப்பட்ட நாள் எது?’ என்பது வினா. தரப்பட்ட நான்கு தேதிகளில் 1945 ஜூன் 26, 1945 அக்டோபர் 24 ஆகிய இரண்டும் இருந்தன. முதலாவது, சான் பிரான்சிஸ்கோவில் சாசனம் கையெழுத்தான நாள். இரண்டாவது, அந்தச் சாசனம் நடைமுறைக்கு வந்த நாள். விடைக்குறிப்பு இரண்டாவதையே ஏற்றது. மேல்குழுவில் 9 பேரும் கீழ்குழுவில் 14 பேரும் அதைத் தேர்ந்திருந்தார்கள். ஐ.நா. தினம் அக்டோபர் 24 என்ற ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருந்தவருக்குத் தயக்கமே வரவில்லை. கையெழுத்து நாளையும் சேர்த்துப் படித்தவர்தான் ‘தோற்றுவிக்கப்பட்ட’ என்ற சொல்லில் தடுக்கி விழுந்தார். கூடுதலாகப் படித்ததற்கு ஒரு வினா தண்டனை தருமானால் அதில் எளிமை, கடினம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த வினா பிழையானது.

புவியியல் பகுதியில் வட்ட விளக்கப்படம் ஒன்று இருந்தது. கற்பனை நாடு ஒன்றின் நிலப்பயன்பாட்டைக் காட்டி, அதிலிருந்து நான்கு மதிப்பெண்ணுக்கு வினாக்கள் கேட்கப்பட்டிருந்தன. ஆசிரியரின் கணினியில் அது நான்கு வண்ணங்களில் இருந்தது. நகலெடுத்தபோது நான்கும் சாம்பல் நிறமாகிவிட்டன. இ பிரிவு மாணவன் ஒருவன் விடைத்தாளின் ஓரத்தில், ‘காடு எது, மேய்ச்சல் நிலம் எது என்று தெரியவில்லை’ என்று பென்சிலால் எழுதி, அதற்குக் கீழே இரண்டு வரி இடம் விட்டிருந்தான். தெரிந்த பிறகு நிரப்பலாம் என்று காத்திருந்திருக்கிறான். அ பிரிவின் தேர்வறையில் அன்று மேற்பார்வையில் இருந்தவர் தாளைத் தயாரித்த ஆசிரியரே. பிள்ளைகள் கேட்டவுடன் எந்தப் பகுதி எது என்று அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறார். நல்லெண்ணத்தில் செய்த உதவிதான். ஆனால் அது மூன்றில் ஓர் அறைக்கு மட்டுமே கிடைத்தது.

நேர மண்டலக் கணக்கு வேறு வகையில் இடறியது. கிரீன்விச்சுக்குக் கிழக்கே 75 பாகையில் உள்ள ஓரிடத்தின் நேரத்தைக் கேட்பதே நோக்கம். ஒரு மணிக்கு 15 பாகை என்பதால், கிரீன்விச்சில் நண்பகல் 12 என்றால் அங்கே மாலை 5. இதைச் சுற்றி விமானப் பயணம், இடைத்தங்கல், புறப்படும் வாயில் என்று எட்டு வரிக் கதை ஒன்று இருந்தது. விமானத்தில் போய் வந்த பிள்ளைக்கு அது கதை; மற்றவர்களுக்கு அதுவே இன்னொரு தேர்வு. பலரும் கூட்டல், வகுத்தலைச் சரியாகச் செய்துவிட்டு, இடைத்தங்கல் நேரத்தையும் சேர்த்ததால் விடையைத் தவறவிட்டிருந்தார்கள். தீர்க்கக் கோட்டைப் பற்றிய அவர்களுடைய புரிதலில் குறை எதுவும் இல்லை.

பிரிவுகளுக்கிடையே இருந்த வேறுபாட்டுக்குப் பெரும் பங்கு நெடுவினாக்களுடையது. ‘பிரெஞ்சுப் புரட்சி பற்றி எழுதுக’ என்பது எட்டு மதிப்பெண். காரணங்களை எழுதுவதா, நிகழ்வுகளை எழுதுவதா, விளைவுகளை எழுதுவதா, எந்த ஆண்டு வரை எழுதுவது என்று வினாவில் எதுவும் இல்லை. அ பிரிவின் ஏட்டில் ஆசிரியர் எழுதவைத்த எட்டு உட்தலைப்புகள் இருந்தன. விடைக்குறிப்பிலும் அதே எட்டு. ஆ பிரிவில் இதே பாடத்தை, 1789 மே மாதம் வெர்சாயில் கூடிய, குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று வகுப்பாரின் பேரவையில் தொடங்கி, யார் வரி கட்டினார்கள், யாருக்கு விலக்கு இருந்தது என்ற கேள்வியின் வழியாக நடத்தியிருந்தார்கள். அவர்களில் சிலர் மூன்றாம் வகுப்பாரின் வரிச்சுமை எப்படிப் புரட்சியாக வெடித்தது என்பதை இரண்டு பக்கங்களுக்குக் கோவையாக எழுதியிருந்தார்கள். எட்டுத் தலைப்புகளில் இரண்டை மட்டும் தொட்டதாகக் கணக்கிட்டு அவர்களுக்கு இரண்டு மதிப்பெண் போடப்பட்டிருந்தது.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. வினாக்கள் கடினமாக இருந்ததால் எந்தப் பிரிவும் பின்தங்கவில்லை. எந்த மதிப்பெண் எதற்காக என்பது தேர்வு முடியும்வரை ஒருவர் மனத்தில் மட்டும் இருந்தது. அவரிடம் படித்த பிள்ளைகளுக்கு அது தானாகவே தெரிந்திருந்தது.

நடந்து முடிந்த தேர்வில் செய்தவை

முதலில் தீர்க்க வேண்டியது, கையில் இருந்த மதிப்பெண் பட்டியல். ஐ.நா. வினாவுக்கு 118 பேருக்கும் மதிப்பெண் தந்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். தொடர்பே இல்லாத மற்ற இரு தேதிகளை எழுதியவருக்கும் அது போய்ச் சேரும் என்பதால், மேற்சொன்ன இரு தேதிகளையும் ஏற்பது என்று முடிவு செய்தோம். விளக்கப்பட வினாவை அடியோடு நீக்கி, எஞ்சிய 76 மதிப்பெண்ணை 80க்கு மாற்றிக் கணக்கிட்டோம். இதில் எனக்கு முழு நிறைவில்லை. மங்கிய படத்தோடு போராடி நேரத்தைச் செலவிட்டவரின் நேரத்தைத் திருப்பித் தர எந்தக் கணக்காலும் முடியாது. ஆனாலும் ஓர் அறைக்கு மட்டும் விடை வழிகாட்டப்பட்ட வினாவை வைத்திருப்பது அதைவிடத் தவறு என்பதில் நால்வரும் ஒத்திருந்தோம்.

கட்டாய வாக்களிப்பு வினாவையும் பிரெஞ்சுப் புரட்சி வினாவையும் புதிய விடைக்குறிப்போடு மறுமுறை திருத்தினோம். அந்த மாணவிக்கு ஐந்தில் ஐந்து வந்தது. கட்டாயமாக்க வேண்டும் என்று ஒரே கருத்தை ஐந்து விதமாகத் திருப்பி எழுதி முழு மதிப்பெண் பெற்றிருந்த சிலருக்குக் குறைய வேண்டியிருந்தது. பள்ளியின் தவற்றுக்காக ஏற்கெனவே கொடுத்த மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது என்று தலைமையாசிரியர் சொன்னதை ஏற்று, கூடுவதை மட்டும் பதிவு செய்தோம்.

இரண்டாம் பருவத் தாள்: முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்

அடுத்த தாளைத் தனியொருவர் தயாரிக்காமல் மூவரும் சேர்ந்து தயாரிப்பது என்றும், வினாவை எழுதும் அன்றே அதற்கான விடைக்குறிப்பையும் எழுதுவது என்றும் முதலில் முடிவு செய்தோம். அந்த இரண்டாவது விதிதான் மற்ற எல்லாவற்றையும் மாற்றியது. விடைக்குறிப்பை எழுத உட்கார்ந்ததும், நன்றாக இருக்கிறது என்று நாங்கள் நினைத்திருந்த வினாக்களில் பாதிக்கு எதற்கு எத்தனை மதிப்பெண் என்று எங்களாலேயே சொல்ல முடியவில்லை. அவற்றையெல்லாம் மாற்றி எழுதினோம். ‘பற்றி எழுதுக’ என்ற சொற்றொடரை முற்றிலும் கைவிட்டோம். பிரெஞ்சுப் புரட்சி வினாவைப் பயிற்சிக்காக மாற்றிப் பார்த்தபோது அது இப்படி அமைந்தது: ‘1789க்கு முன் பிரான்சில் வரிச்சுமை மூன்று வகுப்பாரிடையே எவ்வாறு பங்கிடப்பட்டிருந்தது? (3) இந்தப் பங்கீடு புரட்சிக்கு எவ்வாறு வழிவகுத்தது என்பதை இரண்டு காரணங்களுடன் விளக்குக. (4)’ எட்டு மதிப்பெண் ஏழாகச் சுருங்கியது. விடுபட்ட அந்த ஒரு மதிப்பெண் முன்பு எதற்காக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அடுத்தது திட்ட வரைவு, அதாவது ஆசிரியர்கள் புளூபிரிண்ட் என்று சொல்லும் கட்டம் போட்ட தாள். இடப்பக்கம் பாடங்கள், மேலே நினைவு, புரிதல், பயன்பாடு என்ற திறன்கள். பெஞ்சமின் புளூம் தலைமையிலான குழு 1956இல் வெளியிட்ட வகைப்பாட்டிலிருந்து வந்த இந்தப் பிரிப்பு ஆசிரியர் பயிற்சி பெற்ற எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் பருவத் தாளுக்கும் அப்படி ஒரு கட்டம் நிரப்பப்பட்டே இருந்தது. ஆனால் ‘ஏன்’ என்று தொடங்கும் வினாவையெல்லாம் புரிதல் கட்டத்தில் போட்டிருந்தார்கள். ஏட்டில் வரிக்கு வரி விடை இருக்கும்போது ‘ஏன்’ என்று கேட்டாலும் அது நினைவைச் சோதிக்கும் வினாதான். ஆகவே மூன்று பிரிவுகளின் ஏடுகளையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வினாவும் எந்தப் பிரிவில் எந்த அளவுக்குச் சொல்லித்தரப்பட்டது என்று சரிபார்த்த பிறகே கட்டத்தை நிரப்பினோம். பாடங்களுக்கான மதிப்பெண்ணை, அவற்றுக்குச் செலவான பாடவேளைகளை வைத்துப் பங்கிட்டோம். ஒரு பிரிவில் அறவே நடத்தப்படாத இரண்டு பகுதிகள் அப்போது வெளிவந்தன. அவற்றை வினாத்தாளிலிருந்து நீக்கி, அடுத்த மாதத்துக்குள் நடத்தி முடிக்க ஏற்பாடு செய்தோம்.

விருப்ப வினாக்களைப் பற்றித்தான் கடுமையாக வாதிட்டோம். எட்டில் எவையேனும் ஐந்து என்பது வழக்கம். இ பிரிவின் மூத்த ஆசிரியர் அதை விட்டுக்கொடுக்க மறுத்தார். ஒரு பாடம் மட்டும் வராத பிள்ளைக்கு அதுதான் ஊன்றுகோல் என்பது அவருடைய வாதம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் முதல் பருவ விடைத்தாள்களில் அந்த எட்டு வினாக்களும் சம கனத்தில் இல்லை என்பதைப் பார்த்திருந்தோம். எளிய ஐந்தைத் தேர்ந்தவரும் கடினமான ஐந்தைத் தேர்ந்தவரும் வெவ்வேறு தேர்வுகளை எழுதியிருக்கிறார்கள். இருவரின் மதிப்பெண்ணும் ஒரே பட்டியலில் நிற்கிறது. கடைசியில், ஒரே பாடத்திலிருந்து ஒரே திறனைக் கேட்கும் இரண்டு வினாக்களை ‘அல்லது’ என்று இணைத்துத் தருவது, அதுவும் நெடுவினாக்களில் மட்டும் என்று ஒப்புக்கொண்டோம். அவர் முழு மனத்தோடு ஒப்பவில்லை என்பதை எழுதிவைக்க வேண்டும்.

கருத்துக் கேட்கும் வினாவை விலக்கிவிடலாம் என்ற யோசனையும் வந்தது. அதை நான் ஏற்கவில்லை. குடிமையியலில் பிள்ளைகள் தாமாகச் சிந்திக்க இடமிருப்பது அந்த ஒரு வினாவில்தான். திருத்துவது சிரமம் என்பதற்காக அதைக் கைவிடுவது பாடத்தையே கைவிடுவதாகும். ஆஸ்திரேலியா 1924இல் கூட்டாட்சித் தேர்தல்களுக்குக் கட்டாய வாக்களிப்பைச் சட்டமாக்கியது என்ற செய்தியை வினாவின் தலையில் கொடுத்து, அதை ஆதரிக்கும் ஒரு வாதத்தையும் எதிர்க்கும் ஒரு வாதத்தையும் எழுதி, எது வலுவானது என்று காரணத்துடன் கூறும்படி மாதிரி வினா ஒன்றை அமைத்தோம். எந்தப் பக்கம் நின்றாலும் மதிப்பெண் கிடைக்கும். காரணம் இல்லாவிட்டால் எந்தப் பக்கம் நின்றாலும் கிடைக்காது. இந்த மாதிரியை மூன்று பிரிவுகளிலும் வகுப்பிலேயே நடத்திக் காட்டினோம். தேர்வில் அதே அமைப்பில் வேறொரு பொருளைக் கேட்டோம்.

அச்சுக்கு முன் செய்த சோதனைகள் இரண்டு. நகலெடுக்கும் இயந்திரத்திலிருந்து வந்த தாளை மட்டுமே சரிபார்ப்பது; படங்களில் வண்ணத்துக்குப் பதில் கோடுகளும் புள்ளிகளும் இடுவது. மற்றொன்று, சமூக அறிவியல் நடத்தாத ஒருவரைத் தாளைப் படிக்கச் சொல்வது. கணித ஆசிரியர் ஒருவர் சம்மதித்தார். விடை சொல்ல வேண்டாம், ஒவ்வொரு வினாவும் என்ன கேட்கிறது என்று மட்டும் தன் சொற்களில் சொல்லும்படி கேட்டுக்கொண்டோம். ஐ.நா. பாதுகாப்பு அவை பற்றிய வினாவில், ‘பின்வருவனவற்றுள் நிரந்தர உறுப்பினர் அல்லாத நாடு எது’ என்பதை அவர் ‘நிரந்தர உறுப்பினர் எது’ என்றே படித்தார். ‘அல்லாத’ என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போடலாம் என்றோம். அவர் சொன்னார்: “நான் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தே தவறவிட்டேன். பிள்ளை பதற்றத்தில் படிக்கும். கேள்வியையே திருப்பிப் போடுங்கள்.” திருப்பிப் போட்டோம்.

திருத்தும் முறையையும் மாற்றினோம். பெயர் தெரியாதபடி முதல் பக்கத்தை மடித்து ஒட்டி, ஒரு வினாவை மூன்று பிரிவுகளுக்கும் ஒருவரே திருத்துவது என்று வைத்துக்கொண்டோம்.

தேர்வுக்குப் பின்

இரண்டாம் பருவத்தில் அ பிரிவுக்கும் ஆ பிரிவுக்கும் இடையிலான வேறுபாடு ஏறக்குறைய மறைந்தது. இ பிரிவு இன்னும் சற்றுப் பின்னால் நின்றது. ஆனால் இம்முறை அதன் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது: அந்தப் பிரிவினர் இழந்த மதிப்பெண்களில் பெரும்பாலானவை அட்சக்கோடு, தீர்க்கக்கோடு தொடர்பான வினாக்களில் இருந்தன, மற்ற பகுதிகளில் அவர்கள் சமமாகவே எழுதியிருந்தார்கள். அந்தப் பாடத்தை மீண்டும் நடத்த வேண்டும் என்று மூத்த ஆசிரியரே முன்வந்து சொன்னார். முதல் பருவத் தாளை வைத்து இப்படி ஒரு முடிவுக்கு வந்திருக்கவே முடியாது. பாகுபடுத்தும் திறன் எந்த வினாவிலும் எதிர்மமாக வரவில்லை.

எல்லோருக்கும் இது பிடித்ததாகச் சொல்ல முடியாது. முன்பு உயர்ந்த மதிப்பெண் எடுத்த சில பிள்ளைகளுக்கு இம்முறை குறைந்தது; பெற்றோர் வந்து, உட்தலைப்புகளை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு ஏன் குறைந்தது என்று கேட்டார்கள். விடைத்தாளையும் விடைக்குறிப்பையும் அருகருகே வைத்துக் காட்டினோம். சிலர் ஒப்புக்கொண்டார்கள், ஒருவர் கடைசிவரை ஒப்பவில்லை.

எங்கள் புதிய தாளிலும் ஒரு குறை இருந்தது, அது எங்கள் உற்சாகத்தால் வந்தது. 1919 ஜூன் 28இல் கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கையின் 231ஆம் பிரிவு, முதல் உலகப் போரினால் ஏற்பட்ட இழப்புகளுக்கான பொறுப்பை ஜெர்மனியின் மீதும் அதன் கூட்டணி நாடுகளின் மீதும் வைத்தது. அதன் சாரத்தைத் தந்து, ஜெர்மானியர் அதை எப்படி எதிர்கொண்டிருப்பார்கள் என்று கேட்டோம். வினா நல்லதுதான். ஆனால் அந்தப் பகுதி ஏறத்தாழ ஒரு பக்கத்துக்கு நீண்டுவிட்டது. மெதுவாகப் படிக்கும் பிள்ளைகள் அங்கேயே நேரத்தை இழந்து, கடைசி இரண்டு வினாக்களுக்கு எதுவும் எழுதாமல் விட்டிருந்தார்கள். பிழையான விடையைவிட வெற்றிடம் அதிகமாக இருந்ததைப் பார்த்தபோதுதான் அது அறியாமையால் நேர்ந்ததல்ல, நேரமின்மையால் நேர்ந்தது என்பது புரிந்தது. விமானக் கதையில் செய்த தவற்றை வேறு உடையில் மறுபடி செய்திருந்தோம்.

இனி மாற்ற வேண்டியவை

படித்துப் பதில் எழுத வேண்டிய பகுதிகளைப் பத்து வரிக்குள் நிறுத்துவதென்றும், தாளின் நடுவில் வைக்காமல் கடைசியில் வைப்பதென்றும், வாசிப்புக்கென்று முதல் பதினைந்து நிமிடத்தை ஒதுக்கும்படி பள்ளியிடம் கேட்பதென்றும் எழுதிவைத்திருக்கிறோம். ஒவ்வொரு நெடுவினாவிலும் முதல் பத்து விடைத்தாள்களை இருவர் தனித்தனியே திருத்தி ஒப்பிட்ட பிறகே மற்றவற்றைத் தொட வேண்டும் என்ற யோசனை இருக்கிறது. ஆள் பற்றாக்குறையால் அதை இன்னும் நடைமுறைப்படுத்த முடியவில்லை. தேர்வறையில் எந்த விளக்கம் தந்தாலும் அது மூன்று அறைகளுக்கும் எழுத்தில் போக வேண்டும் என்ற விதி உடனே நடைமுறைக்கு வந்துவிட்டது. ‘அல்லது’ வினாக்களைத் தொடர்வதா, விருப்பத்தையே நீக்குவதா என்பதில் மூத்த ஆசிரியருக்கும் எனக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை; மூன்றாம் பருவ விடைத்தாள்களில் எந்த வினாவை எத்தனை பேர் தேர்ந்தார்கள், எத்தனை பெற்றார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாக வைத்திருக்கிறோம். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டிருக்கிறார்.